கைநாட்டுக்கு விட்ட இடம்

அந்த ஆறு பேரில் ஒருவன்கூட மண்வெட்டி பிடித்தவன் இல்லை. என் மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவன் பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் பிடித்தேன். ஆகையால் அவனைக் குறை சொல்ல எனக்கு அவ்வளவாக வாய் வராது. மற்ற ஐந்து பேரைச் சொல்ல எனக்கு ஒரு தடையும் இல்லை.

இது டெக்சாஸில், பேர்லேண்டில், மகன் வீட்டில் நடந்தது. இரண்டாயிரம் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வருஷம் மாறினால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று சொல்லியே இரண்டு வருஷம் நன்றாகச் சம்பாதித்தவர்கள் அந்த ஆறு பேரில் பாதிப் பேர். வருஷம் மாறியது. ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. இவர்களுக்குத்தான் கை சும்மா ஆகிவிட்டது. கை சும்மா ஆனதும் விவசாயம் ஞாபகத்துக்கு வந்தது. படித்தவர்களுக்கு விவசாயம் எப்போதும் அப்படித்தான் ஞாபகத்துக்கு வரும்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் இட்டது காயும் முன்னே எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்காருவார்கள். நானும் மருமகளும் இட்லி ஊற்றிக்கொண்டே இருப்போம். தின்றுகொண்டே பேசுவார்கள். ஏக்கருக்கு இத்தனை டன் என்பார்கள். ஒரு டன் வெண்டைக்காயைப் பறிக்க எத்தனை கை வேண்டும், அந்தக் கையெல்லாம் அன்று சாயங்காலம் என்ன அரிப்பு அரிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை. கேட்கிற தூரத்தில்தான் நான் சட்னிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

இவர்களுக்கெல்லாம் தலை ஒருவர், நியூஜெர்சிக்காரர். ஐசலினில் வீடு. மாதம் ஒரு முறை விமானம் ஏறி வருவார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். சான்டா கிளாராவில் இன்னொருவர் இருந்தார். அவர் வரமாட்டார், போனில் குரல் மட்டும் வரும். போனை டீப்பாய் மேல் வைத்து ஆறு பேரும் அதைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ குழந்தை பிறந்திருக்கிற வீடு மாதிரி இருக்கும். பணம் போடுகிறவர் அந்தக் குரல்காரர்தான் என்று மருமகள் சொன்னாள்.

திட்டம் இதுதான். நம் ஊரில் அரசாங்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஒன்று கொண்டுவரப் போகிறது. அதற்குள் வரி கிடையாது, கெடுபிடி கிடையாது, விளைந்தது நேராகக் கப்பல் ஏறும். உடுமலைப் பக்கம் அப்படி ஒன்று வருவது நிச்சயம் என்று நியூஜெர்சிக்காரர் யாரையோ பார்த்துப் பேசிவிட்டு வந்திருந்தார். வருவதற்கு முன்பே ஒட்டி நிலம் பிடித்து, வெண்டையும் ஊறுகாய் வெள்ளரியும் போட்டு, காயைத் தரம் பிரித்து டப்பாவில் அடைக்கிற கொட்டகை கட்டிவிட வேண்டும். மெக்சிகோவுக்கும் டெக்சாஸுக்கும் நடுவில் இப்படித்தான் நடக்கிறதாம். ஒரு நாடு நிலம் கொடுக்கிறது, இன்னொரு நாடு மூளை கொடுக்கிறது. மூளை எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், அவர்கள் பார்த்து வைத்த நிலத்துக்கெல்லாம் முன்னால், தார்ச்சாலையை ஒட்டி, என் பேரில் எட்டு ஏக்கர் கிடந்தது. எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம். பின்னால் இருக்கிற காட்டுக்கெல்லாம் வழி என் காட்டுக்குள்ளேதான். நான் எழுதிக் கொடுத்தால்தான் லாரி உள்ளே போகும். பின்னால் காடு உள்ளவர்கள் சரி என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷக் குத்தகைக்கு விடவும், வேலி போடவும், கிணற்றை மூடவும், யாரை வேண்டுமானாலும் உள்ளே விடவும் வெளியே நிறுத்தவும் என் மகனுக்கு அதிகாரம் கொடுத்து நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. அம்மா செய்துவிடுவாள் என்று மகன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். என்னிடம் சொன்னது அதற்கு அப்புறம்.

அந்த எட்டு ஏக்கர் மேல் எனக்கு உருக்கம் எதுவும் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவன் அப்பா போய்விட்டார். அதிலிருந்து இருபது வருஷம் அந்த மண் என்னைப் பாதி கொன்றது. இங்கே கார்ப்பெட் மேல் காலை நீட்டி உட்காருவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த எட்டு ஏக்கரில் நான் யாரையும் கேட்காமல் நுழைவேன். யாரையும் வெளியே போ என்று சொல்வேன். உலகத்தில் வேறு எந்த இடத்திலும் எனக்கு அது கிடையாது. மகன் வீட்டில் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதுகூட ஒரு நொடி யோசித்துத்தான் திறப்பேன்.

ஒரு சனிக்கிழமை நியூஜெர்சிக்காரர் சுவரில் படம் காட்டினார். இரண்டு நாள் ஊருக்குப் போய் எடுத்து வந்த படங்கள். எங்கள் வாய்க்கால் கரை புரண்டு ஓடுகிறது. கரையில் அவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு நிற்கிறார், தண்ணீரையே அவர்தான் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் வாய்க்காலில் ஒரு வருஷம் தண்ணீர் விட்டால் அடுத்த வருஷம் விடமாட்டார்கள். அது வேறு ஊர்க்காரர்களுடைய முறை. தண்ணீர் வராத வருஷத்தில் சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். கிணறும் அந்த வருஷம் அடி மண்ணைக் காட்டும். அங்கே ஆடு மேய்க்கிறவனுக்கும் இது தெரியும். இவர்கள் வருஷத்துக்கு மூன்று போகம் வெண்டை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

நான் மகன் முகத்தைப் பார்த்தேன். அந்த வாய்க்காலில் குதித்து நீச்சல் பழகியவன் அவன். தண்ணீர் இல்லாத வருஷத்தில் அதே வாய்க்காலுக்குள் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவனும் அவன்தான். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தான்.

“ஆன்டி, எப்படி இருக்கு உங்க ஊரு? ஃபாரின் மாதிரி இல்ல?” என்று நியூஜெர்சிக்காரர் என்னைக் கேட்டார். அவருக்கும் தலைமுடி நரைத்து மை பூசியாகிவிட்டது. நான் அவருக்கு ஆன்டியாம்.

“தண்ணி நல்லா இருக்குதுங்க” என்று மட்டும் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. கேட்காததை அவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? பிள்ளை சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து எல்லோரும் எல்லையைப் பார்க்கப் புறப்பட்டோம். இரண்டு வேன். விடிகிறபோது கிளம்பி ஃப்ரீவேயில் தெற்கே போய்க்கொண்டே இருந்தோம். புளிசாதமும் தயிர்சாதமும் டப்பாவில். வழியெல்லாம் பெரிய பெரிய காடு, ஒரு ஆள் தென்படவில்லை. “பார்த்தியாம்மா, ஆளே இல்லாம விவசாயம்” என்று மகன் பெருமையாகச் சொன்னான். ஆள் இல்லாத விவசாயத்தைப் பார்க்க இவ்வளவு ஆட்கள் எதற்கு வேன் ஏறினோமோ.

மத்தியானத்துக்கு முன்னே ஆற்றங்கரை ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. நடுவில் பாலம். அந்தப் பக்கத்து மண்டலத்தைச் சுற்றிக் காட்ட அங்கே ஒரு கம்பெனிக்காரன் காத்திருந்தான். ஆண்களெல்லாம் இந்த நாட்டுக் குடிமக்கள், பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் மருமகளுக்கும் கிரீன் கார்டுதான், அந்தப் பக்கம் போக விசா வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மூன்று நாட்டைச் சேர்த்து வைக்கக் கிளம்பியவர்களுக்கு அது முன்பே தெரியவில்லை. கூட வந்த இன்னும் இரண்டு பெண்களும் எங்களோடு நின்றுகொண்டார்கள். போகும் முன்னே நியூஜெர்சிக்காரர் எங்களை இந்தப் பக்கத்துக் கொட்டகையில் இறக்கிவிட்டு, “லேடீஸ் இங்க பேக்கிங் பாருங்க, அதான் உங்களுக்கு இன்ட்ரஸ்டிங்கா இருக்கும்” என்றார். பாவம், அன்று அவர் சொன்னதிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

கொட்டகை என்றால் நம் ஊர்க் கொட்டகை இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு கிராமம் அது. உள்ளே குளிர். அந்தப் பக்கத்துக் காட்டில் விளைந்த வெண்டைக்காய் லாரியில் பாலத்தைத் தாண்டி வந்து, பிளாஸ்டிக் கூடை கூடையாக இறங்கி, ஓடுகிற பெல்ட்டில் கொட்டுகிறது. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பொறுக்குகிறார்கள். எங்களுக்கும் தலைக்கு வலைத் தொப்பி, கைக்கு உறை. மேற்பார்வை பார்க்கிற ஒரு சின்னப் பெண் எங்களை பெல்ட் ஓரமாக நிறுத்தி, தொடாமல் பாருங்கள் என்றாள். மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அவளுக்கே அவள் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது.

ஹூஸ்டனில் நாங்கள் சாமான் வாங்குகிற இந்தியக் கடையில், வெண்டைக்காய்க் கூடைக்கு மேலே ‘ஒடிக்காதீர்கள்’ என்று இங்கிலீஷில் எழுதி, ஒடிந்த வெண்டைக்காய் ஒன்றையும் வரைந்து, அதன் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருப்பார்கள். நம் பெண்கள் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே ஒடிப்பார்கள். நுனியை விரலால் தட்டி, டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். எம்.எஸ். படித்தவள், டாக்டர், எல்லோரும்தான். அந்த விரலுக்குப் படிப்பு ஏறுவதில்லை.

முதலில் ஒடித்தது மருமகள். அப்புறம் பக்கத்தில் நின்றவள். அப்புறம் நான். பெல்ட் போகப் போக, நாலு பெண்களும் பேசிக்கொண்டே, உறை போட்ட கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தோம். மேலே கிடந்ததெல்லாம் டக்கென்று ஒடிந்தது. அடியில் கிடந்தது வளைந்தது. எங்கள் வீட்டில் மாட்டுக்குப் போடுகிற காய். “இதையா பெட்டியில அடைக்கறாங்க” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெல்ட் நின்றுவிட்டது. அந்தச் சின்னப் பெண் ஓடி வந்தாள். நுனி ஒடிந்த காய் பெட்டிக்குள் கறுத்துப்போகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், நாங்கள் தொட்டது அத்தனையும் இனிக் குப்பை. மருமகள் முகம் சிவந்து ஸாரி ஸாரி என்றாள். மற்ற இரண்டு பேரும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. முற்றின காயை அடியில் போட்டு மேலே பிஞ்சைப் பரப்புகிறவர்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

எனக்கு எதிரே பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் சிரித்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். கட்டை உடம்பு, கன்னத்தில் வெயில் ஏறிய நிறம். சிரித்துக்கொண்டே ஒரு வெண்டைக்காயை எடுத்து, மேற்பார்வைப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே, டக்கென்று நுனியை ஒடித்து எனக்குக் காட்டினாள். அதே விரல், அதே தட்டு. நான் அவளுக்கு ஒன்று ஒடித்துக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

குப்பையை அள்ளிவிட்டு பெல்ட்டைத் துடைக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. அதுவரை பேசினோம். அவள் அவளுடைய பாஷையில் சொல்லுவாள், மேற்பார்வைப் பெண் அதை இங்கிலீஷாக்குவாள், மருமகள் தமிழாக்குவாள். காடு இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருந்தது, பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம், இப்போது கம்பெனிக்குக் குத்தகை, இன்னும் பத்து வருஷம் பாக்கி என்றாள். நன்றாக விளைகிறதா என்றேன். எங்கள் கையில் இருந்தபோது ஒரு நாளும் இப்படி விளைந்ததில்லை என்றாள். அதை ஒளிக்காமல் சொன்னாள். சொட்டு நீர், நல்ல விதை, எல்லாம் போட்டிருக்கிறார்கள். சுற்றி வேலி. உள்ளே போக அட்டை வேண்டும், அவளிடம் அட்டை இல்லை. மாமியார் செத்தபோது ஊருக்குப் போனாள், குறுக்கே நடக்க விடவில்லை, வேலியைச் சுற்றித்தான் போனாள். இங்கே வந்து ஐந்து வருஷமாக நின்றபடியே காய் பொறுக்குகிறாள்.

அப்படியென்றால் உன் காட்டுக் காயும் இங்கேதான் வருமா என்று நான் கேட்டேன்.

அவள் நடந்து போய், அடுக்கி வைத்திருந்த கூடைகளில் எதையோ தேடி, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து பெல்ட் மேல் வைத்தாள். கூடையின் பக்கவாட்டில் ஒரு வில்லை, அதில் நம்பர். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு நம்பர் போட்டிருக்கிறார்கள். அந்த வில்லையை ஈர விரலால் துடைத்தாள். பிறகு ஏதோ சொன்னாள். மேற்பார்வைப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

“முன்னே எங்க காடு. இப்ப எங்க நம்பர். இந்த நம்பர் வந்தா மட்டும் நான்தான் பொறுக்குவேன், வேற யாரையும் விடமாட்டேன்னு சொல்றாங்க அத்தை.”

பெல்ட் ஓட ஆரம்பித்தது. அவள் அந்தக் கூடையைத் தானே கொட்டினாள்.

மூன்று மணிக்கு ஆண்கள் திரும்பி வந்தார்கள். ஆறு பேர் தலையிலும் கம்பெனி கொடுத்த தொப்பி, கையில் வழவழப்பான புத்தகம். அங்கே பிரமாதமான சாப்பாடாம். நியூஜெர்சிக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே என்னிடம் வந்தார்.

“ஆன்டி, நீங்க பார்க்கணும், எவ்ளோ நீட்டா வச்சிருக்கான் தெரியுமா? ஃபார்மர் கையில மண்ணே படலை. அவன் இப்ப ஃபார்மரே இல்ல, பார்ட்னர்.”

“பார்த்தனுங்க அந்தப் பார்ட்னரை” என்றேன். “தலையில வலை மாட்டிட்டு உள்ளே காய் பொறுக்கிட்டு இருக்கறா. போய் ஒரு தொப்பி குடுத்துட்டு வாங்க.”

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

திரும்பும்போது எங்கள் வேனை மகன் ஓட்டினான். பின்னால் எல்லோரும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்கள். நான் அவன் பக்கத்து ஸீட்டில் இருந்தேன்.

“அந்தப் போட்டோவுல ஓடற தண்ணி அடுத்த வருஷம் ஓடுமா கண்ணு?”

“ஓடாதும்மா. தெரியும்.”

“தெரிஞ்சும் கை தட்டினயே.”

“எல்லாரும் இவ்ளோ தூரம் வந்துட்டாங்கம்மா. போர் போட்டுக்கலாம். சமாளிக்கலாம்.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஆபீஸ்ல எனக்குப் பின்னாடி வந்தவன் ரெண்டு பேர் எனக்கு பாஸ் ஆயிட்டான். இதுல நான்தாம்மா எம்.டி.”

அது எனக்கு முன்பே தெரியும். மேனேஜிங் டைரக்டர் என்று அவன் பேரைப் போட்டு அட்டை அடித்து வந்திருந்தது. கம்பெனி இன்னும் இல்லை, நிலம் இன்னும் இல்லை, அட்டை ஐந்நூறு வந்துவிட்டது. பதினொரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று அந்த ரோட்டில் ஒரு அரைமணி நேரம் நிஜமாகவே நினைத்தேன். அந்த மெக்சிகோக்காரியும் யாரோ ஒரு பிள்ளைக்காகத்தான் கொடுத்திருப்பாள்.

முடிவு சொல்லாமலே வைத்திருந்தேன். அவனும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று வந்துவிடுமோ என்று பயந்திருப்பான். வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஹூஸ்டனில் நம் தூதரகத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே அதிகாரிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கினால்தான் அந்தக் காகிதம் ஊரில் செல்லும். நியூஜெர்சிக்காரர் வக்கீலை வைத்து எழுதி அனுப்பியிருந்தார். ஒன்பது பக்கம், பச்சை நூல் கோத்து. எட்டு ஏக்கரை எழுதி வாங்க ஒன்பது பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. மரியாதையான பெண். கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். கூடவே மை அட்டையைத் திறந்து வைத்தாள்.

“இடது கை கட்டை விரலைக் குடுங்கம்மா.”

எதற்கு என்று கேட்டேன். காகிதத்தைக் காட்டினாள். கடைசியில் ஒரு கட்டம் போட்டு, இடது கைப் பெருவிரல் ரேகை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்திருந்தது. மேலே முதல் பக்கத்தில் என் பேருக்குப் பின்னால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இருப்பதாகவும் அவள் வாசித்துச் சொன்னாள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். வேகமாக எழுத வராது. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித்தான் எழுதுவேன். ஆனால் என் பேரை நான் எழுதுவேன். அவன் ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை ஒவ்வொரு மார்க் அட்டையிலும் நான்தான் எழுதினேன், கைநாட்டு வைத்ததில்லை. இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். ஆறாவதில் கணக்கில் தோற்று, எனக்குக் காட்டப் பயந்துகொண்டு, என் கையெழுத்தைப் பார்த்து அவனே போட்டுக் கொண்டுபோனான். வாத்தியார் கண்டுபிடித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு அனுப்பி, “நீங்க இவ்ளோ அழகாப் போடமாட்டீங்களே” என்றார். என் கையெழுத்தைத் திருட அவ்வளவு பழகினவன், எனக்குக் கையெழுத்தே தெரியாது என்று அடித்து வந்த காகிதத்தை வாங்கி, உறைக்குள் போட்டு, காரில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் அந்த மை அட்டையைப் பார்த்தான்.

“அவங்களா அடிச்சுட்டாங்கம்மா. நான் பார்த்தேன். மாத்தச் சொன்னா இன்னும் ரெண்டு வாரம் ஆகும்னு...”

வாய்க்காலுக்கும் இதையே சொன்னான். அவனுக்குத் தெரியும், அவன் பார்த்தான், சொன்னால் நேரமாகும் என்று விட்டான். என் பிள்ளையை நான் பேசாமல் இருக்கத்தான் படிக்க வைத்தேனோ என்று அந்த இடத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. முப்பது வருஷத்துக்கு யாரை உள்ளே விடுவது, யாரை நிறுத்துவது என்று இவன்தான் சொல்லப் போகிறவன். நாளைக்கு என்னையே வேலிக்குள் விட அட்டை கேட்க வேண்டும் என்று அந்த நியூஜெர்சிக்காரர் சொன்னால், அதை மாற்றவும் இரண்டு வாரம் ஆகும் என்று விட்டுவிடுவான்.

“பேனா இருக்குதுங்களா” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். கொடுத்தாள். நின்றுகொண்டே எழுத வராது, ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள், நிற்கட்டும். கைநாட்டுக்கு விட்டிருந்த கட்டத்துக்குள்ளேயே எழுதினேன். இடம் போதுமானதாக இருந்தது. எனக்குச் சம்மதம் இல்லை என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினேன். ‘ச’வுக்குப் பக்கத்தில் ‘ம்’ போட்டு, புள்ளி வைத்து, ஒன்றும் விடவில்லை. அதற்குக் கீழே என் பேர்.

அந்தப் பெண் படித்தாள். என் மகனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இதுக்கு சீல் வைக்க முடியாதும்மா” என்றாள்.

“வேண்டாமுங்க. அதை எனக்கே குடுத்துருங்க.”

ஒன்பது பக்கத்தையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

கார் நிறுத்துகிற இடத்திலேயே அவன் போன் அடித்தது. நியூஜெர்சிக்காரர். முடிந்ததா என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது. மகன், “அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்றான். அந்தப் பக்கம் சந்தோஷச் சத்தம். இவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “இல்ல சார், இருங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு படிக்கிறேன்” என்று என்னிடம் கை நீட்டிக் காகிதத்தை வாங்கி, வெயிலில் நின்று, சத்தமாக, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி படித்தான். அந்த விஷயத்தில் அவன் நேராக வாயைத் திறந்து ஒன்றைச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் நான் எழுதிக் கொடுத்ததை.

அதோடு ஆறு மாதம் எங்கள் வீட்டு ஹாலில் இட்லி ஊற்றுகிற வேலை இல்லை. கிழவி கெடுத்தாள் என்று எல்லோர் வீட்டிலும் பேசிக்கொண்டார்களாம், கோயிலில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் போனார்கள். மறு வருஷம் சான்டா கிளாராக்காரருடைய கம்பெனியே படுத்துவிட்டது, போனில் அந்தக் குரல் வருவது நின்றது. வாய்க்காலும் அந்த வருஷம் காய்ந்துதான் கிடந்தது. மண்டலம் உடுமலைப் பக்கம் வரவே இல்லை. இதையெல்லாம் முன்கூட்டித் தெரிந்துகொண்டு நான் எழுதினதாக மருமகள் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது. மண்டலம் வந்திருந்தாலும், வெண்டைக்காய் மலைமலையாக விளைந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மகன் இரண்டு மாதம் என்னோடு அளந்து பேசினான். அப்புறம் சரியாகிவிட்டான். இன்னும் அதே நாற்காலிதான். எம்.டி. அட்டை நாலு பெட்டி சமையலறை டிராயரில் கிடந்தது. நல்ல தடித்த அட்டை, பின்பக்கம் வெள்ளை. தூக்கி எறிய மருமகளுக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை கடைக்குப் போகிறபோது என்ன வாங்க வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டு போவாள். அவளுக்கு அவசரம் என்றால் அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். நிறுத்தி நிறுத்தித்தான் வரும். ஒரு அட்டையில் ஆறு சாமான் பிடிக்கும்.